ஃபுல் சஸ்பென்ஷன் கிராஸ் கன்ட்ரி சைக்கிள்: ஏற்றத்தில் இழுக்குமா, பராமரிப்பு உயிரை வாங்குமா?

நீங்கள் கேட்டது இது: சில வருடங்களாக ஹார்ட்டெயில், அதாவது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக், ஓட்டுகிறீர்கள். கல்லும் வேருமாகக் கிடக்கும் பாதையில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் இடுப்பு கழன்றுபோகிறது. முன்னும் பின்னும் 120 மி.மீ. ட்ராவல் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்) உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் கிராஸ் கன்ட்ரி வண்டிக்கு மாறலாமா? மாறினால் ஏற்றத்தில் மந்தமாகிவிடுமா? பிவட் (பின் சட்டம் அசையும் மூட்டு), ஷாக் (அடியை வாங்கும் பின்பக்கக் காற்றுக் குழல்) என்று கூடுதலாக வரும் சமாச்சாரங்களைப் பார்த்துக்கொள்ள முடியுமா?

பாதை நீங்கள் சொல்கிற மாதிரி என்றால் தாராளமாக மாறலாம். செட்டிங் சரியாக இருந்தால் மந்தமாகாது, கரடுமுரடான ஏற்றத்தில் வேகம் கூடவே செய்யும். பராமரிப்பு வேலை மட்டும் ஹார்ட்டெயிலைவிடக் கண்டிப்பாக அதிகம். அதில் ஒளிவுமறைவு வேண்டாம்.

உங்கள் கேள்வியில் இடுப்புவலியை முதலில் சொன்னதால் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்த ரக வண்டியில் பின்பக்க சஸ்பென்ஷன் இருப்பது உட்காருபவரின் சொகுசுக்காக அல்ல. பின் சக்கரம் தரையை விடாமல் ஒட்டிக்கொண்டு ஓடவும், நீங்கள் மிதிப்பதை நிறுத்தாமல் இருக்கவும்தான். இடுப்புக்குக் கிடைப்பது அதோடு வரும் உபரி. சொகுசை மனதில் வைத்து வாங்குபவர்கள் ஷாக்கில் காற்றைக் குறைத்து மெத்து மெத்தென்று வைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் ஏற்றத்தில் இழுக்கவில்லை, பெடல் கல்லில் இடிக்கிறது என்று வண்டியைத் திட்டுகிறார்கள்.

ஏற்றத்தில் இழுக்காது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி மவுண்டன் பைக் பந்தயம் 1996 அட்லாண்டாவில் தொடங்கியது. அப்போதும் அதற்குப் பிறகு பல வருடங்களும் ஹார்ட்டெயில்தான் ராஜா. அன்றைய ஃபுல் சஸ்பென்ஷன் வண்டிகள் கனமானவை, ஒவ்வொரு மிதிக்கும் ஊஞ்சலாடுபவை. காற்று திரும்பியது 2012 லண்டனில். செக் வீரர் யாரோஸ்லாவ் குல்ஹாவி, ஸ்பெஷலைஸ்டு எபிக் என்ற 29 இன்ச் ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியில் வந்து, ஹார்ட்டெயிலில் இருந்த சுவிட்சர்லாந்தின் நினோ ஷூர்ட்டரைக் கடைசிச் சுற்றின் முடிவில் முந்தித் தங்கம் வாங்கினார். அதே ஷூர்ட்டர் 2016 ரியோவில் தங்கம் வாங்கியது ஸ்காட் ஸ்பார்க் என்ற ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியில். இன்று உலகக் கோப்பைப் பந்தயங்களில் ஹார்ட்டெயில் கண்ணில் படுவதே அரிது. 2021-இல் வந்த ஸ்பார்க், 2024-இல் வந்த எபிக் இரண்டுமே முன்னும் பின்னும் 120 மி.மீ. அதற்கு முன் 100 மி.மீ. என்பதே பந்தய அளவாக இருந்தது. இதற்கு எதிர்த்திசையில் யோசித்தவர்களும் உண்டு. ட்ரெக் சூப்பர்காலிபர் 2019-இல் பின்பக்கம் வெறும் 60 மி.மீ. உடன்தான் வந்தது. அதுவும் 2023-இல் 80 ஆகிவிட்டது.

வேகம் எப்படிக் கூடுகிறது என்று பாருங்கள். ஹார்ட்டெயிலின் பின் சக்கரம் ஒரு வேரில் ஏறினால் சக்கரத்தோடு சேர்ந்து சட்டமும் சீட்டும் நீங்களும் மேலே தூக்கப்படுகிறீர்கள். அந்தத் தூக்கலுக்கான சக்தி உங்கள் வேகத்திலிருந்துதான் போகிறது. ஃபுல் சஸ்பென்ஷனில் மேலே எழுவது சக்கரமும் பின் முக்கோணமும் மட்டும். உங்கள் உடம்பு கிட்டத்தட்ட அதே மட்டத்தில் போய்க்கொண்டிருக்கும். ஏற்றத்தில் இதன் பலன் இன்னும் தெளிவாகத் தெரியும். சக்கரம் எகிறினால் பிடிமானம் போகும், பிடிமானம் போனால் டயர் சுழலும், சுழன்றால் கால் ஊன்ற வேண்டியதுதான்.

மிதிக்கும்போது வண்டி அமுங்கி எழுவதைத் தடுக்க வடிவமைப்பாளர்கள் செயின் இழுவையையே பயன்படுத்துகிறார்கள். நீங்கள் அழுத்தி மிதித்தால் எடை பின்னால் சாயும், ஷாக் அமுங்கப் பார்க்கும். பிவட்டைச் சரியான உயரத்தில் வைத்தால் அதே நேரத்தில் செயினின் இழுவை பின் சக்கரத்தைக் கீழே தள்ளி அந்த அமுக்கத்தை ஈடுகட்டும். ஆன்ட்டி ஸ்க்வாட் என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். ஆனால் இது உட்கார்ந்து சீராக மிதிப்பவருக்குத்தான் கைகொடுக்கும். எழுந்து நின்று உடம்பை மேலும் கீழும் ஆட்டி மிதித்தால் எந்த வடிவமைப்பாலும் முழுக்கத் தடுக்க முடியாது, ஏனென்றால் அங்கே ஆடுவது உங்கள் எடை. அதற்குத்தான் ஷாக் அமுங்காமல் பூட்டும் லாக்அவுட்.

லாக்அவுட் பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. ஹேண்டில்பாரில் ரிமோட் இருந்தால் நல்லதுதான், தார்ச்சாலையிலும் வழவழப்பான நீண்ட ஏற்றத்திலும் உதவும். ஆனால் ஹார்ட்டெயிலில் இருந்து வருபவர்கள் பழக்க தோஷத்தில் ஏற்றம் கண்டாலே பூட்டிவிடுகிறார்கள். கல் நிறைந்த ஏற்றத்தில் பூட்டினால் ஒரு கிலோ கூடுதல் எடையுள்ள ஹார்ட்டெயிலைத்தான் ஓட்டுகிறீர்கள். முதல் சில வாரங்களுக்கு அந்த லீவர் இருப்பதையே மறந்துவிட்டு எல்லா இடத்திலும் திறந்தே வைத்து ஓட்டுங்கள். வண்டி தன்னால் என்ன செய்கிறது என்று புரிந்த பிறகு எங்கே பூட்டலாம் என்பது தானாகத் தெரியும். மேடு பள்ளத்தைத் தானே உணர்ந்து பூட்டித் திறக்கும் எலெக்ட்ரானிக் அமைப்புகளும் வந்துவிட்டன. நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் சார்ஜ் போட வேண்டிய சாமான் பட்டியலில் இன்னொன்று சேரும்.

இப்போது சாக். இந்த வண்டியில் உங்கள் நேரத்தை எதில் செலவழிக்கலாம் என்று கேட்டால் இதில்தான். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறதோ அதுதான் சாக். அது சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க இருக்கிற இடம். சாக் இல்லாவிட்டால் மேட்டுக்கு வேண்டுமானால் ஷாக் அமுங்கும், பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

120 மி.மீ. வண்டிகள் பலவற்றில் பின் ஷாக்கின் ஸ்ட்ரோக், அதாவது ஷாக் அமுங்கக்கூடிய மொத்த நீளம், 45 மி.மீ. அதாவது ஷாக் ஒரு மி.மீ. அமுங்கினால் சக்கரம் சராசரியாக 2.7 மி.மீ. அளவுக்கு மேலே வரும். ஷாக்கில் 2 மி.மீ. தவறாக அளந்தாலே சக்கரத்தில் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம். அதனால் கண்மதிப்பு வேண்டாம், ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். இந்த ரக வண்டிக்குப் பின்னால் 20 முதல் 25 சதவீதம். 45 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு 9 முதல் 11 மி.மீ. வரை.

நிஜமாக ஓட்டும்போது என்னென்ன இருக்குமோ, ஹெல்மெட், ஷூ, தண்ணீர், முதுகுப் பை, எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளுங்கள். லாக்அவுட் திறந்திருக்கட்டும். சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தி, ஒரு முழங்கையைச் சுவரில் லேசாக வைத்து ஏறுங்கள். இரண்டு மூன்று முறை குலுக்கி, பிறகு சீட்டில் அசையாமல் உட்காருங்கள். ஷாக்கின் தண்டில் உள்ள ரப்பர் ஓ-ரிங்கை சீல் வரை தள்ளிவிட்டு, மறுபடி அமுக்காமல் பூனை போல இறங்குங்கள். பலரும் கோட்டைவிடுவது இறங்கும்போதுதான். கால் ஊன்றுகிற உதறலில் ஓ-ரிங் இன்னும் கொஞ்சம் நகர்ந்துவிடும். சந்தேகமிருந்தால் இன்னொருவரை விட்டு ஓ-ரிங்கைத் தள்ளச் சொல்லுங்கள். முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம், அதை எழுந்து நின்று, பெடலில் எடையை வைத்து அளப்பது நல்லது.

ஷாக் பம்ப் பற்றி இரண்டு விஷயம். பம்பைக் கழற்றும்போது வரும் புஸ் என்ற சத்தம் பெரும்பாலும் பம்பின் குழாயில் இருக்கும் காற்று, ஷாக்கின் காற்று அல்ல. அதை ஈடுகட்ட 10 பி.எஸ்.ஐ. கூட்டிப் போட வேண்டாம். ஆனால் மறுபடி மாட்டினால் ஷாக்கின் காற்று கொஞ்சம் குழாய்க்குள் வந்துவிடும், அதனால் மீட்டர் முன்பைவிடக் குறைவாகக் காட்டும். கசிகிறதோ என்று பதற வேண்டாம். இன்னொன்று, காற்றை ஒரே மூச்சில் ஏற்றாமல் பாதியில் நிறுத்தி, பம்பைக் கழற்றி, ஷாக்கை மெதுவாகப் பத்து முறை அமுக்கிவிட்டு மீதியை ஏற்றுங்கள். உள்ளே எதிர்ப்பக்கமாக வேலை செய்யும் ஒரு சிறிய காற்றறை இருக்கிறது. அமுக்கும்போதுதான் அதற்குக் காற்று போகும். அது நிரம்பாவிட்டால் சின்னச் சின்ன கற்களுக்கு ஷாக் அசையவே அசையாது.

குளிர்ந்த காலையில் சாக் கூடியிருந்தால் அதுவும் கோளாறு இல்லை. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் அடைபட்ட காற்றின் அழுத்தம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும்.

அடுத்தது ரீபவுண்ட், அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பது. நடைபாதை விளிம்பு போன்ற ஒரு படியிலிருந்து உட்கார்ந்தபடியே இறங்கிப் பாருங்கள். அமுங்கி, எழுந்து, ஒரே ஒரு முறை லேசாகத் தாண்டி அடங்கினால் சரி. குதிரை மாதிரி உங்களைத் தூக்கிப் போட்டால் ஷாக்கில் உள்ள ரீபவுண்ட் திருகைக் கொஞ்சம் மூடுங்கள். எழவே சோம்பினால் திறங்கள். சோம்பலான ரீபவுண்ட் நிறுத்திப் பார்க்கும்போது இதமாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். வரிசையாக ஐந்தாறு வேர்கள் வந்தால் முதல் வேரில் அமுங்கியது எழுவதற்குள் இரண்டாவது வந்துவிடும், மூன்றாவதில் இன்னும் தாழும், கடைசியில் ட்ராவலே மிச்சமில்லாமல் கட்டையாக இடிக்கும். உடனே பலர் ஷாக் கடினமாக இருக்கிறது என்று காற்றை இறக்குவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். காற்றழுத்தத்தை மாற்றினால் ரீபவுண்டையும் மாற்ற வேண்டும். அதிக அழுத்தம் வேகமாக உதைக்கும், அதற்கு ஏற்ற மாதிரி கூடுதலாக மூட வேண்டும். திருகை முழுக்க மூடிய இடத்திலிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்பதை போனில் குறித்து வையுங்கள், அழுத்தத்தையும்தான்.

ஒரு முரட்டுச் சவாரி முடிந்ததும் ஓ-ரிங் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அன்றைய பெரிய அடிக்கு ட்ராவலின் 90 சதவீதம் வரை போயிருந்தால் சந்தோஷம். சாக் சரியாக இருந்தும் அடிக்கடி கடைசி வரை போய் இடித்தால், காற்றைக் கூட்டாதீர்கள். உள்ளே போடும் பிளாஸ்டிக் வால்யூம் ஸ்பேசர் ஒன்றைச் சேருங்கள். தொடக்கம் மென்மையாகவே இருக்கும், முடிவு மட்டும் இறுகும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: முதல் சஸ்பென்ஷன் டயர்தான். அதில் காற்று தவறாக இருந்தால் ஷாக்கில் எத்தனை கிளிக் திருகினாலும் பிரயோஜனமில்லை. 2.35 அல்லது 2.4 இன்ச் டயர், உள்ளகலம் 30 மி.மீ. அளவுள்ள ரிம், டியூப்லெஸ். 70 கிலோ எடைக்கு முன்னால் 19, பின்னால் 21 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, பாதையைப் பார்த்து ஒன்றொன்றாகக் கூட்டிக் குறையுங்கள். இந்த அழுத்தத்தில் ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசம் கையில் தெரியும். அதனால் தரையில் வைத்து அடிக்கும் பெரிய பம்பின் முள்ளை நம்பாமல் தனியாக ஒரு டிஜிட்டல் மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் கேட்டால் இன்னும் ஒன்றிரண்டு கூட்டுங்கள். டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துபோகும். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டினால் தண்ணீர் அலம்பும் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முள்ளுக்கு உங்களிடம் பதில் இல்லை. டயரில் செருகும் ரப்பர் பிளக்குகளை எடுக்கச் சுலபமான இடத்தில் வையுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டன் வீரர் டாம் பிட்காக்குக்கே நடுப் பந்தயத்தில் முன் சக்கரம் பஞ்சர் ஆனது. சக்கரத்தை மாற்றிக்கொண்டு வந்து அவர் தங்கத்தைப் பிடித்தார் என்பது வேறு கதை. நமக்கு உதவிக் குழு நிற்காது.

ஓட்டுவதில் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் என்று பார்த்தால், ஹார்ட்டெயிலில் வேரைக் கண்டதும் சீட்டிலிருந்து எழுந்து, முழங்காலை வளைத்து, மிதிப்பதை நிறுத்தி, அடி வாங்கி, மறுபடி உட்கார்ந்து மிதிப்போம். இங்கே அந்த எழுந்திருப்பது தேவையில்லாத இடங்கள் நிறைய. வேர் பின்னிய ஒரு ஏற்றத்தில் சீட்டின் முன்பகுதிக்கு நகர்ந்து, முழங்கையைத் தாழ்த்தி, ஒரு கியர் குறைத்து, மிதி வட்டம் உடையாமல் சுற்றிக்கொண்டே போங்கள். முன் சக்கரம் வேரைத் தொடும் நொடியில் கையை மட்டும் லேசாக்குங்கள். பின் சக்கரம் வரும்போது சீட் அடியில் ஒரு அமுக்கம் தெரியும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பயந்து மிதியை நிறுத்தினால்தான் வண்டி நிற்கும்.

ஆனால் தொடர்ந்து மிதிப்பதற்கு ஒரு விலை உண்டு. ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியில் நீங்கள் உட்கார்ந்ததும் சாக் அளவுக்கு பெடல் தரையை நெருங்கிவிடுகிறது. மேட்டில் ஏறும்போது இன்னும் தாழும். கற்களுக்கு நடுவே கீழே வரும் பெடல் இடித்துக்கொண்டே இருக்கும். புதிதாக மாறியவர்கள் எல்லோரும் முதலில் புலம்புவது இதைத்தான். கல்லைப் பார்த்ததும் முழுச் சுற்று மிதிக்காமல் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மிதித்துக் கடப்பது ஒரு வித்தை, பழகிக்கொள்ளுங்கள். அதற்குப் பின் சக்கரத்தின் ஹப் மிதித்தவுடன் சீக்கிரம் பல் பிடிப்பதாக இருந்தால் வசதி. பெடல் மாட்டும் தண்டான கிராங்கின் நீளத்தை 175-லிருந்து 170 அல்லது 165 மி.மீ.க்குக் குறைப்பதும் நல்ல தீர்வு. மிதிக்கும் பலம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், கியரை ஒன்று மாற்றினால் சரியாகிவிடும்.

இறக்கத்தில் கதை தலைகீழ். அங்கே உட்காரக் கூடாது. பெடல்கள் இரண்டும் ஒரே மட்டத்தில், சீட்டை விட்டு எழுந்து, இடுப்பு தளர்ந்திருக்க வேண்டும். பின்னால் சஸ்பென்ஷன் இருக்கிறதே என்று கட்டையாக நின்றால் 120 மி.மீ. கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்ந்துபோகும். உங்கள் காலிலும் கையிலும் அதைவிடப் பல மடங்கு ட்ராவல் இருக்கிறது. ஓட்டும்போதே சீட்டைத் தாழ்த்தும் ட்ராப்பர் போஸ்ட் இல்லாத வண்டியாக இருந்தால், வேறு எதற்கும் முன்னால் அதைப் போடுங்கள். எடை கூடும் என்று பந்தயக்காரர்கள் நீண்ட காலம் அதைத் தொடாமல் இருந்தார்கள், இப்போது அவர்களே விடுவதில்லை. இன்னொரு எச்சரிக்கை: இந்த வண்டி தரும் நம்பிக்கை அதன் தகுதியைவிடக் கொஞ்சம் அதிகம். வேகம் வந்துவிடும், ஆனால் பந்தய வண்டிகளில் வரும் 160 மி.மீ. ரோட்டரும் (பிரேக் தட்டு) இரண்டு பிஸ்டன் பிரேக்கும் மெல்லிய டயரும், கடும் இறக்கங்களுக்கான எண்டூரோ வண்டிக்காரர் குதிக்கிற இடத்தில் குதிப்பதற்காகச் செய்தவை அல்ல. முன்னால் 180 ரோட்டர் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம், ஃபோர்க்கில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

பராமரிப்புக்கு வருவோம். கிலோமீட்டரை மறந்துவிட்டு மணி நேரத்தைக் கணக்கு வையுங்கள். சஸ்பென்ஷன் தயாரிக்கும் ராக்ஷாக்ஸ் கம்பெனி, ஃபோர்க்கின் கீழ்க் கால்களைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்ற 50 மணி நேரம் என்கிறது. இன்னொரு கம்பெனியான ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது வருடத்துக்கு ஒரு முறை முழு சர்வீஸ் என்கிறது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஓட்டினால் 50 மணி நேரம் மூன்று மாதத்தில் வந்துவிடும். ஈரமும் புழுதியும் அதிகம் என்றால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். உள்ளே இருப்பது சில மில்லிலிட்டர் எண்ணெயும், அதில் நனைந்திருக்கும் ஒரு பஞ்சு வளையமும்தான். அந்தப் பஞ்சு காய்ந்து, அதில் நுண்மணல் ஏறிவிட்டால், ஃபோர்க்கின் வழவழப்பான மேல் குழாயான ஸ்டான்ஷனின் மேல்பூச்சை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். பூச்சு போனால் எண்ணெய் மாற்றிப் பயனில்லை, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். இந்தக் கீழ்க் கால் சர்வீஸ் வீட்டில் செய்யக்கூடியதுதான். ஆலன் கீ, பிளாஸ்டிக் சுத்தியல், சரியான எண்ணெய், கம்பெனியின் கையேடு போதும். அசைவின் வேகத்தை எண்ணெயால் மட்டுப்படுத்தும் டேம்பரின் உள்பாகத்தைத் திறப்பதை மட்டும் கருவிகள் வைத்திருப்பவரிடம் விடுங்கள். அங்கே அழுத்தமேற்றிய வாயு இருக்கலாம்.

பிவட் பேரிங்குகள் சக்கரத்தின் பேரிங் போலச் சுற்றுவதில்லை. சில டிகிரி முன்னும் பின்னும் அசைகின்றன, அவ்வளவுதான். குண்டுகள் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருக்கும், கிரீஸ் பரவாது, தண்ணீர் புகுந்தால் அங்கேயே துரு பிடிக்கும். இவற்றைச் சோதிக்க ஒரே நம்பகமான வழி, ஷாக்கின் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின் சக்கரத்தைக் கையால் தூக்கி இறக்குவது. பல வண்டிகளில் தானாகவே வழுக்கி இறங்க வேண்டும். ஓரிடத்தில் கரகரவென்றோ, திக்கித் திக்கியோ இறங்கினால் பேரிங் மாற்றும் நேரம். ஷாக் மாட்டியிருக்கும்போது இதை உணரவே முடியாது. அதனால்தான் பலர் ஷாக்கைக் குற்றம் சொல்லிக்கொண்டே செத்துப்போன பேரிங்கோடு ஓட்டுகிறார்கள். நவீன கிராஸ் கன்ட்ரி வண்டிகளில் பலவற்றுக்குப் பின் அச்சு அருகே பிவட்டே கிடையாது, கார்பன் தண்டு தானே வளைந்துகொடுக்கும். எடையும் குறைவு, கழற்றி மாட்ட வேண்டிய பேரிங்கும் குறைவு. அந்த வண்டிகளில் ஷாக்கைக் கழற்றினால் சக்கரம் தானாக விழாமல் லேசாக எதிர்த்து நிற்கலாம், அது இயல்பு.

பிவட் போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது கையேட்டில், சில நேரம் போல்ட்டின் தலையிலேயே எழுதியிருக்கும். கிரீச் சத்தம் வந்தால் எடுத்தவுடனே பிவட்டைச் சந்தேகிப்பது வழக்கம். நான் முதலில் சீட் போஸ்ட், சீட்டைப் பிடிக்கும் கவ்வி, பெடல், பின் அச்சு இந்த நான்கையும் துடைத்து, அவற்றுக்கு உரிய கிரீஸோ கார்பன் பேஸ்ட்டோ போட்டு மாட்டச் சொல்வேன். பெரும்பாலான சத்தம் அங்கேயே அடங்கிவிடும்.

மற்றவை ஹார்ட்டெயில் மாதிரிதான். 12 கியர் செயினை 0.5 சதவீத நீட்சியிலேயே மாற்றினால் பின் சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியான கேசட் பிழைக்கும். பிரேக்கில் மினரல் ஆயிலா டாட் திரவமா என்பதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள், சீல் எல்லாம் ஊதிவிடும். சவாரி முடிந்து கழுவும்போது அழுத்தக் குழாயைப் பேரிங், ஷாக், ஃபோர்க் சீல் பக்கம் காட்டவே கூடாது. வாளித் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கடைசியாக ஸ்டான்ஷனையும் ஷாக் தண்டையும் சுத்தமான துணியால் துடைத்து வைப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வேறு எதைச் சோம்பேறித்தனத்தில் விட்டாலும் அதை விடாதீர்கள். கேபிள் சட்டத்தில் உரசும் இடங்களுக்குப் புதிதாக வாங்கிய அன்றே டேப் ஒட்டிவிடுங்கள், கார்பனைக் கேபிள் அறுக்கும்.

யாருக்கு இது வேண்டாம் என்றால், ஓட்டுவது பெரும்பாலும் மண்சாலையும் தார்ச்சாலையும் என்பவர்களுக்கும், சர்வீஸ் கணக்கு வைப்பதை நினைத்தாலே எரிச்சல் வருபவர்களுக்கும். இவர்களுக்கு நல்ல டயர் போட்ட ஹார்ட்டெயில் ஒன்றும் குறைச்சல் இல்லை. உங்கள் இடுப்புவலிக்கும் முதலில் சீட் உயரம், ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் நீளம், டயர் காற்று மூன்றையும் சரிபார்த்துவிடுங்கள். அதில் தீர்ந்தால் செலவு மிச்சம்.

பழைய வண்டியைப் பார்ப்பதாக இருந்தால், சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பின் சக்கரம் தரையை விடுவதற்கு முன் டக் என்று ஒரு ஆட்டம் விரலில் தட்டினால் ஷாக் புஷ்ஷோ பிவட் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் ஃபோர்க்கில் தளர்வு தெரியும். ஸ்டான்ஷன் மீதும் ஷாக் தண்டின் மீதும் நகத்தை ஓட்டுங்கள், நகம் மாட்டுகிற கீறல் இருந்தால் எண்ணெய் கசியும். கார்பன் சட்டத்தில் பெடல் அச்சுக்கு அடிப்பக்கம், ஷாக் மாட்டும் இடம், பின் தண்டு வளைந்துகொடுக்கும் பகுதி, இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசி சர்வீஸ் எப்போது செய்தார் என்று விற்பவரிடம் கேளுங்கள். "சஸ்பென்ஷனுக்கு சர்வீஸா, இதுவரை தேவையே படவில்லை" என்று பெருமையாகச் சொன்னால், ஃபோர்க், ஷாக் இரண்டுக்கும் முழு சர்வீஸ் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.